வத்தல் பாக்கெட்டில் என் படம்

மார்ச் 16, ஞாயிறு

காபி குடிக்கும் முன்பே ஒரு களவு கண்ணில் பட்டது. என்னோடு டிப்போவில் இருந்த பண்டாரம் வாட்ஸ்அப்பில் ‘இனிய காலை வணக்கம்’ அனுப்பியிருந்தான். தினமும் அனுப்புகிறவன்தான். ரோஜாப்பூ, காபிக் கோப்பை, சூரியன் என்று எதையாவது அனுப்புவான், நான் திறப்பதில்லை. இன்று திறந்தேன். உள்ளே என் மீன்கொத்தி.

பெரிய குளத்து மதகில் மாசி முழுக்கக் காத்துக் கிடந்து எடுத்த படம். அலகில் இருக்கும் கெளுத்தியின் மீசைகூடத் தெரியும். முகநூலில் போட்டபோது மூலையில் என் பெயரைச் சின்னதாக, நாகரிகமாக எழுதியிருந்தேன். எவனோ அந்த மூலையை மீன்கொத்தியின் வாலோடு சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு, ‘உழைப்பே உயர்வு. அன்புடன், வார்டு பொறுப்பாளர் செந்தூர்ராஜன்’ என்று அடித்திருக்கிறான். உழைப்பைப் பற்றி எழுத என் உழைப்பைத் திருடியிருக்கிறான்.

பண்டாரத்துக்குப் போன் போட்டேன். “உம்ம படமாவே? அப்ப உமக்கும் சேத்து ஒரு காலை வணக்கம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

வேலையில் இருந்த காலம் முழுக்க நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் எடுக்காதவன் எவன் என்று ஏறும்போதே சொல்லிவிடுவேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். இந்த இணையத்தில் முகமே கிடையாது. எல்லாம் ஜன்னல்.

கேமராவை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஓய்வு பெற்றபின் வாங்கி, ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துப் படித்து, தப்புத் தப்பாகத் திருகி நானாகக் கற்றுக்கொண்டது. அதனால் இந்தத் திருட்டையும் நானாகவே தடுப்பேன்.

உலகம்மாள் மாடியில் வத்தல் போட ஆரம்பித்துவிட்டாள். வீடு முழுக்கக் கூழ் வாடை.

மார்ச் 23, ஞாயிறு

இன்று ஒரு படம் கிடைத்தது.

மாடியில் பழைய வேட்டியை விரித்து உலகம்மாள் கூழ் வத்தல் ஊற்றிக்கொண்டிருந்தாள். காக்கை வராமலிருக்க வத்தல் பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைப்பது அவள் வழக்கம். வெயில் கேமரா மேல் விழுந்ததால் குடையை நான் எடுத்துப் பிடித்துக்கொண்டேன். உடனே ஒரு காக்கை இறங்கி, பாதி காய்ந்த வத்தலைக் கொத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் போய் உட்கார்ந்தது. விடுவேனா? துரத்தினேன். “ஏ களவாணி, வைலே கீழே” என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். காக்கை வத்தலோடு போயே போய்விட்டது.

திரும்பினால் உலகம்மாள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். முழங்கை வரை கூழ், சேலை தூக்கிச் செருகியிருக்கிறது, முன்பல் விழுந்த இடம் அப்படியே தெரிய, கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். எடுத்துவிட்டேன். இதுவரை நான் எடுத்ததெல்லாம் இதற்கு முன் குப்பை.

எதற்குச் சிரித்தாய் என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல” என்றாள்.

சாயங்காலம் முகநூலில் போட்டேன். பாராட்டு குவிகிறது. எவனோ ஒருவன் ‘பாட்டியின் பல் எங்கே’ என்று எழுதியிருந்தான், அதற்கும் பலர் சிரித்திருந்தார்கள். ரசனை கெட்ட பயல்கள்.

மார்ச் 24, திங்கள்

படத்தை எடுத்துவிடச் சொல்கிறாள். “பல்லு இல்லாம, சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, ஊரே பாக்குது. எடுத்துருங்க” என்றாள். கலை என்றால் என்னவென்று அவளுக்குப் புரியும்படி விளக்கினேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். படம் அங்கேயே இருக்கும்.

மார்ச் 26, புதன்

அதே படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். மகள் தங்கம் போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த போன். “நல்லா பெருசா, பேரு கீரு எதுவும் இல்லாம அனுப்புங்க” என்றாள். அனுப்பினேன். நேற்றுவரை வேண்டாம் என்றவள் இன்று தனியாக ரசிக்கப் பார்க்கிறாள். பெண்கள் மனம்.

ஏப்ரல் 3, வியாழன்

ஒரு வாரமாகத் திருட்டைத் தடுப்பது எப்படி என்று படித்தேன். சொல்லிக் கொடுக்கிற வீடியோக்காரன்கள் பாதிப் பேர் பின்னால் காட்டுகிற படமே திருட்டுப் படம். இருந்தாலும் நாலு விஷயம் தேறியது. இணையத்தில் போடும் படம் சின்ன அளவில் இருக்க வேண்டும். பெரிதாக்கினால் கஞ்சி மாதிரி ஆகிவிட வேண்டும். மூலப் படத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதில்தான் எந்த நாள், எந்த கேமரா என்கிற விவரமெல்லாம் உள்ளே இருக்கும்; நாளைக்கு வழக்கென்று வந்தால் அதுதான் சாட்சி. மூலப் படங்களைத் தனி டிஸ்க்கில் ஏற்றி, பட்டு வேட்டிக்குள் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

பெயரை மூலையில் போடுவது முட்டாள்தனம். மூலையை வெட்டுவான். நட்ட நடுவில் போட வேண்டும். வெட்டினால் படமே போக வேண்டும். இனி என் படம் எல்லாவற்றிலும் ‘குற்றாலிங்கம், தென்காசி’ என்று குறுக்கே ஓடும்.

படத்தைக் கொடுத்தால் அது எங்கெங்கே கிடக்கிறது என்று தேடிச் சொல்கிற வசதியும் இருக்கிறது. தேடினேன். தேடியிருக்க வேண்டாம். என் அருவி ஒரு லாட்ஜ் விளம்பரத்தில் விழுகிறது. என் அணில் மூட்டுவலித் தைலம் விற்கிறது. நான் எடுத்த பலாப்பழத்தில் எவனோ ஜாதகம் பார்க்கிறான். எல்லாருக்கும் எச்சரிக்கை எழுதினேன். ஜாதகக்காரன் மட்டும் பதில் போட்டான், பிறந்த நேரம் கேட்டு.

மத்தியானம் உலகம்மாள் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள். அவள் சிரிக்கும் படத்துக்குப் பெயர் போட்டுக்கொண்டிருந்தேன்.

“என் மூஞ்சி மேல உங்க பேரு எதுக்கு? நான் என்ன டிப்போ பஸ்ஸா?”

எழுத்தை இன்னும் கொஞ்சம் தடிமனாக்கினேன். சொன்னாலும் புரியாது.

ஏப்ரல் 9, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. கொக்குப் படங்களுக்கெல்லாம் பெயர் போட்டு முடித்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் தேதி. ஓசூரிலிருந்து தங்கம் பேசினாள். அம்மா உனக்காகத்தான் இந்த வெயிலில் தினமும் மாடியில் கிடந்து வத்தல் போடுகிறாள், நன்றியோடு தின்னுங்கள் என்றேன். “எனக்கா? அவருக்கு பிரஷர்னு நாங்க வத்தல தொட்டு ஒரு வருசம் ஆச்சேப்பா” என்றாள். அடுக்களையில் கரண்டி விழுகிற சத்தம். உலகம்மாள் ஓடி வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

டின் டின்னாகப் போடுகிறாள். மறு வாரம் டின் காலி. பிள்ளைகளுக்குச் செய்ததெல்லாம் மறந்துபோகும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கோபத்தில் எழுதுகிறேன்.

மார்க்கெட்டில் வாழைக்காய் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், பலசரக்குக் கடை மாடியில் பஸ்ஸின் முன்பக்கம் அளவுக்கு ஒரு பிளெக்ஸ் போர்டு. அதில் என் படம். உலகம்மாள் சிரிக்கிறாள். கூழ்க் கை, விழுந்த பல், மூடிய கண், எல்லாம் அப்படியே. பக்கத்தில் ‘மயினி வத்தல், வெயில் கொடுத்த ருசி’ என்று எழுத்து. மயினி என்றால் அண்ணி; என் சம்சாரம் எவனுக்கு அண்ணி? என் பெயர் எங்கும் கிடையாது. கீழே நின்று இரண்டு பேர் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வாழைக்காயைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உலகம்மாளிடம் சொன்னேன். ஒரு பெண்ணின் முகத்தை எவனோ தூக்கிக்கொண்டு போய் நடுத்தெருவில் மாட்டியிருக்கிறான், இவளுக்கு ரத்தம் கொதிக்க வேண்டுமா இல்லையா?

“பெருசாவா வச்சிருக்காக?” என்று கேட்டாள். பிறகு, “நல்லா இருக்கா?” என்றாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

போர்டின் அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது. தன் பெயரைப் போட மட்டும் ஒருவனும் மறப்பதில்லை. போனேன். முதலாளி வீரபுத்திரன், என்னைவிடக் கொஞ்சம்தான் இளையவன், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை.

படம் எங்கே கிடைத்தது என்றேன். போர்டு அடிக்கச் சொன்ன பார்ட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பியது என்றான். அடுத்தவன் படத்தை அடிக்க வெட்கமாயில்லையா என்றேன்.

“அண்ணாச்சி, நாங்க அப்படிப்பட்ட ஆளு இல்ல. இந்தப் படத்துல ஒரு பேரும் இல்ல. பேரு இருந்தா நாங்களே சுத்தமா அழிச்சுக் குடுத்துருவோம். அதுக்குத் தனியா வாங்கறதுகூட இல்ல.”

பெருமையாகச் சொன்னான். செத்த எலியை மிதித்த மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகநூலில் நான் போட்ட சின்ன அளவுப் படம் இல்லை அது. முழு அளவு. கூழில் ஒட்டியிருக்கும் சீரகத்தை எண்ணலாம். அப்படியென்றால் திருட்டு இணையத்தில் நடக்கவில்லை. என் வீட்டுக்குள் நடந்திருக்கிறது.

பார்ட்டி யார் என்றேன். செபத்தாய், மகளிர் குழு, தேவாலயத்துக்குப் பின்பக்கத் தெரு.

மே 3, சனி

சாட்சிக்கு வேண்டுமே என்று ஒரு பாக்கெட் மயினி வத்தல் வாங்கினேன். பாக்கெட்டிலும் அவள் சிரிப்பு, தீப்பெட்டிப் படம் அளவுக்கு. உலகம்மாளிடம் கொடுத்துப் பொரிக்கச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் பொரித்தாள்.

தின்றேன். சீரகம், தடியங்காய்ச் சாறு, கடைசியில் நாக்கில் நிற்கும் அந்தப் பிரண்டை. இவள் கையில் மட்டும் வருகிற ருசி அப்படியே இருக்கிறது. படத்தைத் திருடினார்கள் சரி. ருசியையுமா?

நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உப்பு சரியா இருக்கா?” என்றாள்.

திருட்டுப் பொருளில் உப்பைப் பற்றி என்ன பேச்சு. பாக்கெட் தீர்ந்துவிட்டது. சாட்சிக்கு உறையை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

மே 6, செவ்வாய்

கடவுச்சொல் எல்லாவற்றையும் மாற்றினேன். சந்தேகம் இரண்டு பேர் மேல். கேபிள்காரன் ஒரு நாள் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றான். மாப்பிள்ளை பொங்கலுக்கு வந்தபோது டிஸ்க்கைக் கையில் எடுத்து, இது என்ன மாமா என்று கேட்டார். படம் அதற்குப் பிறகு எடுத்ததுதான், இருந்தாலும் கேட்டவிதம் சரியில்லை. இருவரையும் இனி முன்னறையைத் தாண்ட விடுவதில்லை.

உலகம்மாளிடம், உன் போனை யாரிடமாவது கொடுத்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவளுக்கு அதில் பேசுவதைத் தவிர ஒன்றும் தெரியாது.

மே 13, செவ்வாய்

செபத்தாய் வீட்டுக்கே போய்விட்டேன். சின்ன வீடு. முன்னறையில் நாலைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருத்தி சட்டென்று எழுந்து அடுக்களைக் கதவைச் சாத்தினாள்.

செபத்தாய் வாட்டசாட்டமான பெண், பயம் இல்லை. வாங்க அண்ணாச்சி என்று நாற்காலி போட்டாள். இந்தப் படம் யாருடையது தெரியுமா என்றேன்.

“எங்க மயினி படம். மயினி சிரிச்சா வத்தல் விக்குது. நாங்க என்ன செய்ய?”

யார் கொடுத்தது என்றேன். சாத்தியிருந்த அடுக்களைக் கதவை ஒரு தரம் பார்த்தாள். “குடுத்தவுக குடுத்தாக” என்றாள். நான் யார் என்று சொன்னேன். “தெரியும்” என்றாள். சட்டம் என்ன செய்யும் என்றும் சொன்னேன். ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அழட்டும். டிக்கெட் எடுக்காதவர்கள் எல்லாரும் பிடிபட்ட பிறகு அழுதவர்கள்தான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது பார்த்தேன். வார் அறுந்த இடத்தில் ஊக்குக் குத்திய ஒரு ஜோடி செருப்பு. உலகம்மாளுடையதைப் போலவே. இந்த ஊரில் ஊக்குக் குத்துவதில்கூடச் சொந்த யோசனை கிடையாது.

நான் வந்தபோது உலகம்மாள் வீட்டில் இல்லை. கோயிலுக்குப் போனேன் என்று பிறகு வந்தாள். விபூதி இல்லை, பூ இல்லை. கேட்கவில்லை.

மே 22, வியாழன்

“விட்டுருங்களேன்” என்கிறாள் உலகம்மாள். “ஏழைப் பொம்பளைக. வத்தல் வித்துத்தான் அடுப்பு எரியுது.”

ஏழை என்றால் டிக்கெட் வேண்டாமா? என் மைத்துனன், இவள் உடன்பிறந்த தம்பி, ஒரு தரம் டிக்கெட் இல்லாமல் சிக்கினான். கடையநல்லூர் வெயிலில் இறக்கிவிட்டவன் நான். அதை நினைவூட்டினேன். “மறக்கல” என்றாள்.

இரண்டு வருடம் முன்பு இவளுக்கும் இந்த வத்தல் விற்கிற யோசனை வந்தது. செக்கிங் இன்ஸ்பெக்டர் சம்சாரம் வத்தல் விற்றாள் என்று ஊர் பேச வேண்டுமா என்று கேட்டு அன்றைக்கே முடித்துவைத்தேன். நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் இன்று இந்தக் கும்பலில் இவளும் இருந்திருப்பாள்.

ஜூன் 4, புதன்

புகார் கொடுத்துவிட்டேன். சாட்சியாகப் பாக்கெட் உறை, போர்டின் படம், மூலப் படத்தின் விவரம். சாரல் ஆரம்பித்துவிட்டது. மாடியில் வேலை இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரு தரப்பையும்.

“செபத்தாயை உள்ள வைப்பாகளா?” என்று உலகம்மாள் கேட்டாள். வைக்கட்டும் என்றேன். இரண்டாவது இட்லியை எடுத்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். சட்னியில் உப்பு இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பின்னால் எவரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

எஸ்.ஐ. துளசிமணி சின்ன வயதுப் பெண். மரியாதை தெரிந்தவள். நான் லேப்டாப்பைத் திறந்து மூலப் படத்தைக் காட்டினேன். எடுத்த தேதி, நேரம், கேமராவின் எண், எல்லாம் உள்ளே பதிந்திருப்பதை விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். “ஐயா, படம் நீங்க எடுத்ததுதான். அதுல சந்தேகமே இல்ல” என்றாள். இந்த ஒரு வார்த்தையைக் கேட்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செபத்தாயைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன் அல்லவா, முகத்தில் தெரியும் என்று.

படத்தை யார் கொடுத்தது என்று எஸ்.ஐ. கேட்டாள். செபத்தாய் வாயைத் திறக்கவில்லை. சொல்லாவிட்டால் உன் மேல்தான் வழக்கு வரும் என்றதற்கு, “எழுதிக்கிடுங்க” என்றாள்.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. உலகம்மாள். வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். சாரலில் நனைந்திருந்தாள். ஊக்குக் குத்திய செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

“நான்தான் தாயி குடுத்தேன். வத்தலும் என்னுது. படத்துல இருக்க மூஞ்சியும் என்னுது.”

என் பக்கம் பார்க்கவில்லை. எஸ்.ஐ. என்னையும் அவளையும் பாக்கெட் உறையையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சட்டத்தைச் சொன்னேன். படம் எடுத்தவனுக்குத்தான் உரிமை, முகத்துக்கு இல்லை. அதைப் படித்திருக்கிறேன்.

உலகம்மாள் எஸ்.ஐ.யின் மேஜை மேல் கை வைத்தாள்.

“ஒரு தாளு குடுங்க. எனக்கும் ஒரு புகார் எழுதணும்.”

“யாரு மேலம்மா?”

“இவுக மேலதான். எத்தனை வருசமா என்னைக் கேக்காம படம் பிடிச்சு ஊருக்குக் காமிக்காக. தலை சீவாம இருக்கையில, தூங்குகையில, பல்லு போனப்ப. எடுத்துருங்கன்னு சொன்னேன். எடுக்கல. பல்லு எங்கன்னு எவனோ கேட்டிருக்கான், அதையும் வச்சிருக்காக. அதுக்கு மேல என் மூஞ்சியில பேரையும் எழுதிட்டாக. வத்தல் பாக்கெட்டுல இருக்கது ஒண்ணுதான் நான் சம்மதிச்சது.”

மூலையில் நின்ற பெண் போலீஸ் ஒருத்தி சிரித்தாள். சட்டையில் இருந்த பெயரைக் குறித்துக்கொண்டேன்.

எஸ்.ஐ. இரண்டு கையையும் கூப்பினாள். வீட்டு விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், ஐயா புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாரும் போகலாம் என்றாள்.

போடவில்லை. மைத்துனனை வெயிலில் இறக்கிவிட்டவன் நான். சம்சாரத்துக்கு ஒரு சட்டம் கிடையாது. எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். மயினி, மயினி என்று ஒரே சத்தம். நான் தனியாக நடந்து வந்தேன். குடை எடுத்துப் போகவில்லை.

ஜூன் 18, புதன்

சோறு, புளிக்குழம்பு. பேச்சு இல்லை.

ஜூன் 20, வெள்ளி

சோறு, ரசம். பேச்சு இல்லை. எனக்கும் பேச ஒன்றும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

போர்டைக் கழற்றிவிட்டார்கள். வழக்கு முடியும்வரை யாரும் பாக்கெட் எடுக்க மாட்டேன் என்கிறார்களாம், பலசரக்குக் கடைக்காரன் சொன்னான். செபத்தாய் வீட்டு முன்னறை பூட்டிக் கிடக்கிறது. அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது, அதனால் பார்த்தேன். போர்டு இருந்த கடை மாடி வெறும் கம்பியாக நிற்கிறது. மார்க்கெட்டில் என்னவோ போல் இருந்தது. வெளிச்சம் சரியில்லை.

ஜூன் 28, சனி

பண்டாரம் காலை வணக்கம் அனுப்பவில்லை. கேட்டதற்கு, “உமக்கு அனுப்பினா கேஸ் போடுவீரு” என்கிறான்.

ஜூலை 2, புதன்

கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உலகம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சும்மா கேமராக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், எடுப்பதற்கு இல்லை. சேலைத் தலைப்பைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். போலீஸ் பிடித்துப் போகும்போது துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறவர்கள் மாதிரி. நான் கேமராவை உறையில் போடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

என் வீட்டில் எனக்கே.

ஜூலை 7, திங்கள்

ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. மருந்துக்கடை ஸ்டேஷனைத் தாண்டித்தான். பாதி வழியில் சாரல் வலுத்துவிட்டது. ஒதுங்க வேறு இடமில்லை. ஸ்டேஷனுக்குள் போனேன். நின்ற இடத்தில் சும்மா நிற்பானேன் என்று கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தேன்.

கொள்கையில் மாற்றம் இல்லை. மாத்திரை வாங்க மறந்துவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

செபத்தாய் வந்து போனாளாம். ராத்திரிச் சோற்றோடு பொரித்த வத்தல் இருந்தது. எனக்கும் வைத்திருந்தாள். ஒரு வார்த்தையும் பேசினாள்.

“மிச்சமும் இருக்கு.”

வத்தலைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரைக் காட்டினாள். “அதுல நான் இருக்கது எல்லாம் போகணும்.”

ஜூலை 16, புதன்

முடியாது என்று ஒரு வாரம் இருந்தேன். பாராட்டு வாங்கியதெல்லாம் அவள் இருக்கும் படங்கள்தான். மீன்கொத்தியை எவனும் இரண்டு நாளுக்கு மேல் நினைவில் வைப்பதில்லை. திருடனுக்குப் பயந்து கூட நான் ஒரு படத்தையும் அழித்ததில்லை.

ஜூலை 19, சனி

ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாகத்தான் அழிக்க முடிகிறது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் அழிக்க வேண்டியிருக்கிறது.

அரிசி புடைக்கிறாள், முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. கோலம் போடுகிறாள், ஒரு கை கேமராவை மறைக்கிறது. தங்கம் கல்யாணத்தில் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், கண் கீழே பார்க்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள், போர்வை வாய்வரை. இதற்கெல்லாம் ‘வெட்கம்’, ‘நாணம்’, ‘தமிழ்ப்பெண்’ என்று நான்தான் தலைப்பு வைத்திருந்தேன். எல்லாவற்றின் நடுவிலும் என் பெயர். எழுத்து இவ்வளவு தடிமனாகப் போட்டிருக்க வேண்டாம். அழகு கெடுகிறது.

என்னைப் பார்த்துச் சிரித்தது ஒன்றே ஒன்று. அது காக்கைப் படம். அதையும் அழித்தேன். இப்போது அது வத்தல் பாக்கெட்டில் மட்டும்தான் இருக்கிறது.

கண் எரிகிறது. இந்தத் திரையை ரொம்ப நேரம் பார்க்கக் கூடாது.

ஜூலை 27, ஞாயிறு

போர்டைத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். வாழைக்காய் வாங்கினேன். பக்கத்தில் நின்ற ஒருவன், யார் அண்ணாச்சி இந்தப் பொம்பள, நல்ல சிரிப்பு என்றான். படம் எடுத்தவன் யார் என்று ஒருவனும் கேட்க மாட்டான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டு மாதம் கழித்து நல்ல வெயில். உலகம்மாள் மாடியில் வேட்டியை விரித்துவிட்டாள். நான் கேமராவோடு போனேன், கொக்கு ஏதாவது வரும் என்று. கறுப்புக் குடையையும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் கேட்கவில்லை. விரித்து வத்தல் பக்கத்தில் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் காக்கை வந்தது. தொட்டியில் உட்கார்ந்தது, சுவரில் உட்கார்ந்தது, பிறகு நேராகக் குடை மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டு வத்தலை எட்டிப் பார்த்தது. இவ்வளவு காலமும் எதற்குக் குடை பிடித்தோம் என்று தெரியவில்லை. வாயில் கெட்ட வார்த்தை வந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டு எழுந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு காலில் நின்றேன்.

உலகம்மாள் சிரித்துவிட்டாள். அதே சிரிப்பு. முழங்கை வரை கூழ். பல் இன்னும் ஒன்று போயிருக்கிறது. வெயில் பக்கவாட்டில் விழுகிறது, நான் கேட்டாலும் கிடைக்காத வெளிச்சம். கேமரா கழுத்தில்தான் தொங்கியது. விரல் பொத்தான் மேல் இருந்தது.

“எடுக்கட்டுமா?” என்று கேட்டேன்.

சிரிப்பை நிறுத்தாமலே யோசித்தாள்.

“வேண்டாம்” என்றாள்.

எடுக்கவில்லை. முந்தைய படம் இதன் கால்தூசிக்கு வராது. இனி அந்த வார்டு பொறுப்பாளனும் ஜாதகக்காரனும் வீரபுத்திரனும் இணையம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடட்டும். இதை எவன் திருடுகிறான் பார்க்கிறேன்.

காக்கை இரண்டு வத்தல் கொண்டுபோனது.